பணப்பை என்னிடம்தான்

மார்ச் 3, திங்கள்

பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து இருபத்தாறு வருஷமாகச் சம்பாதிக்கிறேன். சம்பளம் என் கணக்கில் விழுகிறது. கார்டு இவருடைய பர்ஸில் கிடக்கிறது. அடுத்த வாரம் மகளைப் பார்க்க வெளிநாடு போகிறோம், இரண்டு வாரம். சாப்பிடும்போது சொல்லிவிட்டேன்: "இந்தத் தடவை செலவுப் பணம் என் கையில இருக்கட்டும்."

இவர் சிரித்தார். "பக்கத்துத் தெருவுக்கே உனக்கு வழி தெரியாது. அந்த ஊர்க் காசு தெரியுமா?"

தெரிந்துகொள்வேன். நான் என்ன பச்சைக் குழந்தையா?

மார்ச் 5, புதன்

கார்டைக் கேட்டேன். தரவில்லை. பர்ஸைத் திறந்து நானே எடுத்துக்கொண்டேன்.

மார்ச் 7, வெள்ளி

மதிய இடைவேளையில் பணம் மாற்றும் கடைகள் மூன்று ஏறி இறங்கினேன். "கமிஷன் இல்லை" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்த கடைதான் மூன்றிலும் மோசம். கமிஷனை விலைக்குள்ளேயே ஒளித்துவைத்திருக்கிறார்கள். "நான் இவ்வளவு குடுத்தா கையில எவ்வளவு வரும், அதை மட்டும் சொல்லுங்க" என்றேன். கடைக்காரர் முகம் போன போக்கைப் பார்க்கணும்!

வங்கியிலும் விசாரித்தேன். அந்த நாட்டுக்குப் போய் ஏடிஎம் இயந்திரத்தில் எடுப்பதுதான் மலிவாம். ஒவ்வொரு தடவைக்கும் கட்டணம் உண்டு, அதனால் மொத்தமாக எடுக்க வேண்டும். இறங்கியதும் கைச்செலவுக்குக் கொஞ்சம் மட்டும் இங்கே மாற்றினேன்.

மார்ச் 9, ஞாயிறு

இவருடைய கூட்டாளி, குடைக் கடைக்காரர், வீட்டுக்கே வந்துவிட்டார். அந்த நாட்டு நோட்டு ஒரு கட்டு, கடை விலையை விட ரொம்பக் குறைவு. "ரசீது?" என்றேன்.

"என்னம்மா, நமக்குள்ள ரசீதா?"

எனக்கு வேண்டாம் என்றேன். அவர் போனதும் இவர் குதித்தார்: "என் மானத்தையே வாங்கிட்டியே!" அவர் பின்னாலேயே போய்க் கட்டை இவரே வாங்கி வந்து வைத்துக்கொண்டார். வாங்கட்டும், எனக்கென்ன?

— பொய் எதற்கு. வயிறு எரிகிறது.

மார்ச் 15, சனி (மகள் வீடு)

மளிகை வாங்கப் போனோம். இவர்தான் முன்னால் போய் நோட்டை நீட்டினார். கல்லாப் பெண் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள். பழைய நோட்டாம். செல்லாது என்று அறிவித்து ஆறு வருஷம் ஆகிறது, மாற்றிக்கொள்ளும் கெடுவும் முடிந்துவிட்டது என்று மகள் கேட்டுச் சொன்னாள். முழுக் கட்டும் அப்படித்தான்! பின்னால் நீளமான வரிசை. இவர் காதெல்லாம் சிவந்துவிட்டது.

நான் வாசலில் இருந்த இயந்திரத்துக்குப் போனேன். உங்கள் நாட்டுப் பணத்தில் கணக்கிடலாமா என்று அது குழைந்து கேட்டது. இவர் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, "நம்ம பணம்னே போடு, அதான் புரியும்" என்றார்.

"அப்படிப் போட்டா மெஷின்காரங்க வச்சதுதான் மாத்துற விலை. சும்மா இருங்க."

அந்த நாட்டுப் பணம் என்றே அழுத்தினேன். வந்த நோட்டுகளை எண்ணிப் பைக்குள் வைத்துக்கொண்டு கல்லாவுக்குத் திரும்பினேன்.

மார்ச் 16, ஞாயிறு

குடைக் கடைக்காரரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பெருந்தன்மை எல்லாம் இல்லை. மகள் எதிரில் வேண்டாமே என்றுதான். ஊருக்குப் போனதும் பேசுவேன்.

மார்ச் 30, ஞாயிறு

வீடு வந்து சேர்ந்தோம். பேசினேன். ஒன்று விடாமல்.

ஏப்ரல் 2, புதன்

இவர் தம்பியிடம் போனில் அளந்துகொண்டிருந்தார்: "மெஷின் நம்ம பணத்துல கேட்டா ஒத்துக்காதே. நாங்க அப்படித்தான் பண்ணோம்."

அடுப்படியிலிருந்தே குரல் கொடுத்தேன்: "நாங்க இல்ல. நான்."

கொஞ்ச நேரம் கழித்து வந்து நின்றார். "பேப்பர்காரர் வந்திருக்கார். பணம் இருக்கா?"

கல்யாணமான நாளிலிருந்து இவர் என்னிடம் பணம் கேட்பது இதுதான் முதல் தடவை. "எவ்வளவு?" என்று கேட்டுவிட்டு, மெதுவாகத்தான் பையைத் திறந்தேன்.