வினோதா, அந்த வகுப்புக்கு இனிப் போகாதே

லிந்துலை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் வினோதாவுக்கு, அம்மன் புண்ணியத்தில் நானும் அம்மாவும் நடமாட்டத்தோடு இருக்கிறோம், நீயும் அங்கே உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும் என்று கும்பிட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். போன் எடுத்தால் பள்ளிக்கூடத்து முதலாளி பக்கத்தில் நிற்கிறார் என்று பாதியில் வைத்துவிடுகிறாய், அதனால்தான் உன்னோடு படித்த ஜெயந்தினி பாங்கொக் பார்க்க வருகிறாள் என்றதும் இதை அவள் கையில் கொடுத்து விடுகிறேன். இங்கே மழை விடவில்லை, தேயிலைக் கொழுந்தும் குறைவு. அண்ணன் மதுரன் தலவாக்கலைக் கடையில்தான் இன்னும் நிற்கிறான், அவன் பிள்ளை நடக்கத் தொடங்கிவிட்டது.

குடிவரவு அதிகாரிகள் வந்தபோது உன்னையும் வேறு இரண்டு டீச்சர்மாரையும் சாமான் அறைக்குள் விட்டு வெளியே பூட்டினார்கள் என்று போன வாரம் சிரித்துக்கொண்டே சொன்னாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை மகள், அம்மா அன்றைக்கு வைத்த சோற்றைத் தொடவில்லை. சுற்றுலா விசாவில் வா, வந்ததும் வேலை விசாவாக மாற்றித் தருகிறோம் என்றவர்கள் இன்றுவரை மாற்றவில்லை, பாஸ்போர்ட்டையும் வாங்கி வைத்திருக்கிறார்கள். மனம் கேட்காமல் லீவு போட்டு மதுரனோடு கொழும்புக்குப் போய்த் தாய்லாந்துத் தூதரகத்தில் விசாரித்தேன். பள்ளிக்கூடம் தரும் வேலைக் கடிதம், அத்தாட்சிப்படுத்திய பட்டச் சான்றிதழ், பொலிஸ் ரிப்போட், இதெல்லாம் கொடுத்து முதலில் சரியான விசா எடுக்க வேண்டும், வேலை அனுமதியும் வேண்டும், அதற்குப் பிறகுதான் வகுப்பில் நிற்கலாமாம். மகள் இப்போது எங்கே என்று கேட்டார் அங்கிருந்த அதிகாரி அம்மா. சுற்றுலா விசாவில் போனாள் என்று மட்டும் சொன்னேன். அவரே புரிந்துகொண்டு, அகப்பட்டால் நாடு கடத்துவார்கள், திரும்பப் போகவும் விடமாட்டார்கள், பிடிபடுவதற்கு முன்னால் கூப்பிட்டுக்கொள்ளுங்கள் என்று மெதுவாகச் சிங்களத்தில் சொன்னார்.

ஆகவே இதைப் படித்த பிறகு வகுப்புக்குப் போகாதே. ஜெயந்தினியைக் கூட்டிக்கொண்டு போய் பாஸ்போர்ட்டைக் கேள், அப்பாவுக்குச் சுகமில்லை என்று பொய் சொல்ல வேண்டாம், நேராகக் கேள். தராவிட்டால் முதலாளியோடு வாய் கொடுக்காமல் நம் நாட்டுத் தூதரகத்துக்குப் போங்கள், விலாசம் அவளிடம் இருக்கிறது. அவள் திரும்பும் விமானத்திலேயே உனக்கும் மதுரன் இடம் போட்டுவிட்டான்.

தோட்டத்து லயத்தில் முதல் பட்டதாரி, என்ன முகத்தோடு வருவேன் என்று நீ அம்மாவிடம் அழுதாயாம். அந்தக் கவலைக்கும் இனி இடமில்லை. நேற்றுக் காலை வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டில் எல்லோரும் நிற்கும்போது அம்மாவே சொல்லிவிட்டாள், "எம்புள்ள வேலைய விட்டுட்டு வருது. விசா சரியில்ல. சரியா எடுத்துக்கிட்டு மறுபடி போகும்." யாரும் சிரிக்கவில்லை. பக்கத்து வீட்டு வேலாயி மட்டும், "ஏர்போட்டுக்கு யாரு போறீங்க, நானும் வாறேன்" என்றாள்.

எல்லாத் தெய்வமும் உனக்குத் துணை நிற்கட்டும். விமானத்தில் ஏறுமுன் எதையாவது சாப்பிடு, வெறும் வயிற்றில் உனக்குத் தலை சுற்றும்.

உன்னை எதிர்பார்த்து நிற்கும்
அப்பா செல்லசாமி