தாலி கட்டியது யார்?

போடிமெட்டு,
14-2-1980

அன்புள்ள மதினிக்கு,

பொன்னுமணி எழுதுவது. ஜீப் ஓட்டும் பால்பாண்டி அண்ணனிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். நீங்கள் அனுப்பிய மொச்சையும் கருப்பட்டியும் வந்து சேர்ந்தன. நம் பிள்ளை ராக்கு இப்போது ஏலத்தோட்டம் முழுக்க நடக்கிறாள். அட்டை கடித்தால்கூட அழுவதில்லை, ஆனால் கோபம் வந்தால் மலையையே கூட்டிவிடுகிறாள். இது யாருடைய குணம் என்று நான் சொல்லமாட்டேன், உங்களுக்கே தெரியும்.

விசா ஆபீசுக்குப் போய் வந்தோம். எத்தனையாவது தடவை என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன். அப்பா இலங்கைப் பிரஜையாகப் பதிந்தபோது என்னையும் சேர்த்து எழுதிவிட்டார். அதனால் என் அம்மா பிறந்த மண்ணில், சொந்த மாமன் மகனைக் கட்டிக்கொண்ட பிறகும், நான் வெளிநாட்டுக்காரி. ஒவ்வொரு தடவையும் விசாவை நீட்டிக் கொடுத்தவர்கள் இந்த முறை விசாரணை என்று சொல்லி எங்களைத் தனித்தனி அறையில் உட்கார வைத்தார்கள்.

ஆபீசர் என்னிடம், "தாலி கட்டுனது யாரு?" என்று கேட்டார்.

"எங்க மதினி" என்றேன். "அவருக்குக் கூடப்பிறந்த அக்கா. எங்க சனத்துல நாத்தனாதான் கட்டுறது."

"அப்ப மாப்பிள்ளை எங்க இருந்தாரு?"

"பந்தலுக்கு வெளிய, பந்திக்கு ஆள் கூப்பிட்டுக்கிட்டு இருந்தாரு."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். நல்லபடியாக முடிந்தது என்று வெளியே வந்தேன். பஸ்சில் வரும்போதுதான் உங்கள் தம்பி மெதுவாகச் சொன்னார், "நானே என் கையால கட்டுனேன்னு சொல்லி கையெழுத்துப் போட்டுட்டேன்" என்று. தோட்டத்துக் கணக்கப்பிள்ளை சோலைமலை, நாங்கள் கிளம்பும்போதே அவர் காதில் ஓதிவிட்டாராம்: "அக்கா கட்டுனான்னு சொன்னா ஆபீஸ்ல கேலி பண்ணுவாங்கெ. நீயே கட்டுனேன்னு சொல்லிரு."

எனக்குப் பயமாக இருக்கிறது மதினி. ஒரே கல்யாணத்துக்கு இரண்டு பேரும் இரண்டு பதில் சொல்லிவிட்டு வந்திருக்கிறோம்.

உங்கள்
பொன்னுமணி


ராசிங்காபுரம்,
9-3-1980

பொன்னுக்கு,

மதினி எழுதுகிறேன். சௌக்கியம் கேட்டு எழுதும் பொறுமை இன்று எனக்கு இல்லை. உன் கடுதாசியைப் படித்த அன்று உலையில் கிடந்த சோறு கூழாகிப்போனது. என் வீட்டுக்காரர், உங்கள் அண்ணன், அதையே மோர் ஊற்றிக் குடித்துவிட்டுத் தோட்டத்துக்குப் போனார், பாவம்.

மூன்று முடிச்சும் நான் போட்டது. உன் பின்னங்கழுத்தில் மஞ்சள் பிசுபிசுத்தது இன்னும் என் விரலில் இருக்கிறது. இதை வேறொருவன் இல்லையென்று சொல்ல நான் விடுவேனா? அவரையும் கூட்டிக்கொண்டு நேற்று அந்த ஆபீசுக்கே போய்விட்டேன்.

காலையில் போனவர்களைச் சாயங்காலம்தான் உள்ளே விட்டார்கள். ஆபீசர், "ஏம்மா, பொம்பளைக்குப் பொம்பளை தாலி கட்டுனா அது கல்யாணமா?" என்றார்.

"எங்க ஆத்தாளுக்கு எங்க அத்தைதான் கட்டுனா. அப்ப நான் யாருக்குப் பெறந்த பிள்ள சார்?" என்றேன்.

உங்கள் அண்ணன் என் முந்தானையைப் பிடித்து இழுத்தார். ஆனால் அந்த மனுஷன் கோபித்துக்கொள்ளவில்லை. பேனாவை மூடிவைத்துவிட்டுச் சொன்னார்: "வழக்கம் இருக்கட்டும்மா, நான் வேணாம்ங்கல. ஆனா உங்க தம்பி தானே கட்டுனதா எழுதிக் கொடுத்திருக்காரு. சம்சாரம் வேற சொல்லுது. விசாவுக்காகச் சோடிச்ச கல்யாணம்னுதான் மேல நெனைப்பாங்க. அவரே வந்து, நான் சொன்னது தப்புன்னு எழுதிக் கொடுத்தா, மறுபடி பார்க்கலாம்."

கேட்டாயா? அவன் ஒரு வார்த்தை மாற்றிச் சொன்னால் போதும். வெட்கத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு வெரசாகப் போகச் சொல். என் பேரைச் சொல்லிச் சொல்.

மதினி
சுருளியம்மாள்


போடிமெட்டு,
21-4-1980

அன்புள்ள மதினிக்கு,

நான் அழாமல்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அவர் போகவில்லை. இரண்டு தடவை வெள்ளைச்சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார். முதல் தடவை மெட்டு பஸ் நிறுத்தம் வரைக்கும் போய்த் திரும்பி வந்தார். அடுத்த தடவை போடி பஸ் ஸ்டாண்டு வரை போய் டீ குடித்துவிட்டு வந்தார். கணக்கப்பிள்ளை மறுபடியும் காதில் போட்டிருக்கிறார்: "சர்க்கார் காகிதத்துல பொய் சொன்னேன்னு நீயே போய் ஒத்துக்கிட்டா, ஒன்னைத் தூக்கி உள்ள வச்சுருவாங்கெ."

நான் காலைப் பிடித்துக் கேட்டேன் மதினி. "நீ ஏன் உள்ளத உள்ளபடி சொன்ன?" என்று என்னைத் திருப்பிக் கேட்கிறார்.

கல்யாணத்தை இப்போதாவது பதிந்துவிடலாம் என்று ரிஜிஸ்தர் ஆபீசுக்குப் போனோம். செல்லுபடியாகும் விசாவைக் கொண்டுவா என்கிறார்கள். விசா ஆபீசிலோ, கல்யாணம் பதிந்த காகிதத்தைக் கொண்டுவா என்கிறார்கள்.

நேற்று உத்தரவு வந்துவிட்டது. இந்த மாதக் கடைசிக்குள் நான் கப்பலேற வேண்டும். ராக்கு இங்கே பிறந்தவள், அவளுக்குத் தனியாகப் பாஸ்போர்ட் எடுக்க வேண்டுமாம், அதற்குள் நாள் முடிந்துவிடும். "போய்ப் புது விசா வாங்கிட்டு வா, அடுத்த ஏலக்காய் எடுப்புக்குள்ள வந்துரலாம்" என்கிறார் உங்கள் தம்பி. அவர் நல்லவர்தான் மதினி. பயந்தவர். பயந்தவரோடு வாழலாம், ஆனால் பயந்தவரை நம்பிக் கப்பலேறுவது கஷ்டமாக இருக்கிறது.

ராக்குவை உங்களிடம் விட்டுப் போகிறேன். அவளுக்குப் பால் இன்னும் மறக்கவில்லை. தூங்கும்போது காதுமடலைப் பிடித்துக்கொள்வாள், தட்டிவிடாதீர்கள்.

உங்கள்
பொன்னுமணி


தலவாக்கலை, இலங்கை,
17-9-1980

அன்புள்ள மதினிக்கு,

அப்பாவின் லயத்துக் காம்பராவில், தேயிலைத் தோட்டத்து வரிசைவீட்டு ஒற்றை அறையில் இருந்து எழுதுகிறேன். கொழுந்து பறிக்கப் போகிறேன். இங்கேயும் மழை, இங்கேயும் அட்டை, இங்கேயும் மலை. காலையில் கண் விழித்ததும் போடிமெட்டு என்றுதான் நினைக்கிறேன். பிறகு கை பக்கத்தில் பிள்ளையைத் தேடும்.

கப்பலில் மார் கட்டிக்கொண்டது. முன்பின் தெரியாத ஒரு அம்மா, பால் வற்றட்டும் என்று மல்லிகைப்பூ வைத்துக் கட்டிவிட்டார். அதை எழுதக்கூடாது என்றிருந்தேன், உங்களிடம் எழுதாமல் யாரிடம் எழுத?

இங்குள்ள விசா ஆபீசுக்கு மூன்று மாதமாக நடக்கிறேன். நம் ஊர் விவரமெல்லாம் இவர்களுக்கும் வந்திருக்கிறது. "சோடித்த கல்யாணம்" என்ற பேர் என் பின்னாலேயே கடல் தாண்டி வந்துவிட்டது. இருந்தாலும் இங்குள்ள கிளார்க் நல்ல மாதிரி. அவர் சொன்னது இதுதான்: உங்கள் தம்பி நோட்டரி முன்னால், தாலி கட்டியது அக்காதான், தான் முன்பு சொன்னது தவறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினால், மனைவி என்ற முறையில் விசா கிடைக்க வழி இருக்கிறது.

அவருக்கு ஆறு கடிதம் போட்டேன். ஒன்றுக்குப் பதில் வந்தது. மழை அதிகம், காய் விலை சரியில்லை என்று எழுதியிருந்தார்.

நீங்கள் பேசிப் பாருங்கள் மதினி.

உங்கள்
பொன்னுமணி


ராசிங்காபுரம்,
2-2-1981

பொன்னுக்கு,

மதினி எழுதுவது. ராக்கு சுகம். பூனையைப் பார்த்து "வாடா மாப்ளே" என்கிறாள், அது உங்கள் அண்ணன் கொடுத்த படிப்பு. என் காதுமடல்தான் புண்ணாகிக் கிடக்கிறது.

நோட்டரி காகிதத்தை எழுதி வாங்கிக்கொண்டு நானே மலைக்கு ஏறினேன். அவன் ஸ்டோரில் காய் காய வைத்துக்கொண்டிருந்தான். "போடுடா கையெழுத்தை" என்றேன்.

"யக்கா, அப்பறம் பார்ப்போம்க்கா."

"அப்பறம்னா எப்ப? பிள்ளை ஆத்தா மொகத்தை மறந்த பெறகா?"

தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றான். சின்ன வயதில் கிணற்றில் குதிக்கப் பயந்து இப்படித்தான் நிற்பான், நான்தான் பிடித்துத் தள்ளிவிடுவேன். இதில் எப்படித் தள்ள? கையெழுத்து அவன் கையால்தானே போடவேண்டும்.

தேவாரத்தில் இருந்து பெண் வீட்டுக்காரர்கள் யாரோ வந்து போவதாகத் தோட்டத்தில் பேச்சு. நான் நம்பவில்லை. நீயும் நம்பாதே.

மதினி
சுருளியம்மாள்


ராசிங்காபுரம்,
15-6-1981

பொன்னுக்கு,

இந்தக் கடுதாசியை நாலு தடவை எழுதிக் கிழித்தேன். யாரோ சொல்லி நீ கேட்பதைவிட நான் சொல்லிக் கேள்.

போன வெள்ளிக்கிழமை உன் புருஷன் தேவாரத்துப் பெண் சந்திரவல்லியைக் கட்டிக்கொண்டான். நல்ல பிள்ளை. அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அவளிடம், முந்தினவள் விசாவுக்காக வந்தவள், அது கல்யாணமே இல்லை என்று சர்க்காரே சொல்லிவிட்டது என்று சொல்லியிருக்கிறார்கள்.

தாலியைத் தட்டில் வைத்து என்னிடம் நீட்டினார்கள். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். "அக்கா நீதானே கட்டணும்" என்றான். "நான் ஒருத்திக்குக் கட்டிட்டேன். அது அவ கழுத்துல கெடக்கு. இன்னொண்ணு கட்ட எனக்கு வேற தம்பி இல்லை" என்றேன். பங்காளி மகள் ஒருத்தியைக் கூப்பிட்டார்கள். அவளும் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பின்வாங்கிக்கொண்டாள்.

கடைசியில் அவனே எடுத்துக் கட்டினான் பொன்னு. எங்கள் வம்சத்தில் எந்த ஆம்பளையும் செய்யாததைச் செய்தான். ஆபீசில் சொன்ன பொய்யை உண்மையாக்கிவிட்டான், ஆனால் வேறொருத்தி கழுத்தில். இந்தக் கல்யாணத்தை எந்த ஆபீசரும் சந்தேகப்பட மாட்டார்.

நான் சோறு தின்னாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். இனி அவன் வாசலை மிதிக்கமாட்டேன். ராக்குவை அவனிடம் கொடுக்கவும் மாட்டேன். நீ எப்படியாவது வா. என் வீட்டுக்கு வா.

மதினி
சுருளியம்மாள்


தலவாக்கலை,
30-7-1981

அன்புள்ள மதினிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. அழுது முடித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

நீங்கள் வரச் சொன்னீர்களே என்று மறுபடியும் விசா ஆபீசுக்குப் போனேன். மனைவி என்று எழுத இனி முடியாது. அதனால் சும்மா பார்த்துவர விசா கேட்டேன். அதே கிளார்க்தான்.

"யாரைப் பார்க்கப் போறீங்க?"

"சுருளியம்மாள், ராசிங்காபுரம்."

"ஒங்களுக்கு என்ன முறை?"

மாமன் மகள் என்று சொல்லியிருக்கலாம். அதுவும் உண்மைதான். என்ன நினைத்தேனோ தெரியவில்லை மதினி, வாயில் வந்தது வேறு. "எனக்குத் தாலி கட்டினவங்க" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "இப்பிடி எழுத முடியாதும்மா. பழைய கேஸ் வேற இருக்கு. வேற ஏதாவது சொல்லுங்க" என்றார்.

வேறு எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். முட்டாள்தனம் என்று நீங்கள் திட்டுவீர்கள். திட்டுங்கள். கொஞ்ச நாள் கழித்து மறுபடியும் போய், மாமன் மகள் என்றே சொல்லிக் கேட்டேன். முன்னுக்குப்பின் முரணாகச் சொல்கிறேன் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இனி இந்தப் பாஸ்போர்ட்டுக்கு விசா கிடையாதாம்.

ராக்கு உங்களை ஆத்தா என்றே கூப்பிடட்டும். என்னைப் பற்றி இப்போது ஒன்றும் சொல்ல வேண்டாம். தாலியை நான் கழற்றவில்லை, அதைப் போட்டது உங்கள் கை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். ராக்கு பெரியவளாகி அவளுக்குக் கல்யாணம் நடக்கும்போது, மாப்பிள்ளையின் அக்காளே கட்டட்டும், வழக்கத்தை விடவேண்டாம். ஆனால் மாப்பிள்ளையைப் பந்தலுக்கு வெளியே விடாதீர்கள். பக்கத்தில் நின்று பார்க்கச் சொல்லுங்கள். பிற்பாடு யார் கேட்டாலும், இரண்டு பேரும் ஒரே பதில் சொல்ல வேண்டும்.

உங்கள்
பொன்னுமணி