உதடும் சத்தமும்

தாராவி,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள அத்தானுக்கு,

தங்கமயில் எழுதுவது. நானும் அத்தையும் மானசாவும் நலம். உங்கள் நலத்தைத்தான் முதலில் கேட்க வேண்டும். ஆனால் எனக்கு இருக்கிற கோபத்தில் அது வரவில்லை. போனில் சொல்லலாமே என்பீர்கள். நம் மகள் மானசா பேச்சை எடுத்தாலே உங்களுக்கு மஸ்கட்டில் சிக்னல் போய்விடுகிறது. சுயம்பு அண்ணன் லீவு முடிந்து வியாழக்கிழமை அங்கே வருகிறார். அவர் கையில் கொடுத்துவிடும் காகிதத்தை நீங்கள் பாதியில் கட் பண்ண முடியாது.

கம்ப்யூட்டர் சரியாகிவிட்டது. சரி செய்தது நான்தான். "ஒனக்கு அதெல்லாம் தெரியாது, தொடாத" என்று நீங்கள் சொன்ன அதே நான்.

மாட்டுங்கா கிளினிக்கில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பத்மஜா டீச்சர் வாராவாரம் பென் டிரைவில் வீடியோ போட்டுத் தருகிறார் என்று சொல்லியிருக்கிறேன். காதில் மெஷின் வைத்தும் மானசாவுக்குப் பாதிதான் கேட்கிறது. மீதியை உதட்டைப் பார்த்துத்தான் பிடிக்கிறாள். டீச்சர் முகம் திரை முழுக்கத் தெரிய வேண்டும் என்றுதான் போனில் காட்டாமல் கம்ப்யூட்டரில் போடுகிறேன். தீபாவளிக்கு நீங்கள் வந்துபோன பிறகு, எந்த வீடியோவைப் போட்டாலும் கொஞ்ச நேரத்தில் திரை கறுத்து, பிளேயர் தானாக மூடிக்கொண்டது. டீச்சர் ஒரு சொல்லைச் சொல்ல வாயைத் திறப்பார், உடனே மறைந்துவிடுவார். பிள்ளை திரையைத் தட்டிப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பாள். நான் என்ன சொல்ல? சொன்னால் கேட்கவா போகிறது?

நீங்கள் பிளேயரை அழித்துவிட்டு மறுபடி போடச் சொன்னீர்கள். போட்டேன். புதிய வெர்ஷன் போடச் சொன்னீர்கள். அதையும் போட்டேன். அப்புறம் அத்தையிடம் போனில், பிள்ளை கண்டதை அமுக்கித்தான் கம்ப்யூட்டர் கெட்டது என்று சொன்னீர்கள். அத்தை அன்றே கம்ப்யூட்டர் மேல் பழைய சேலையைப் போர்த்திவிட்டார். நான்கு வயதுப் பிள்ளை மேல் பழி போட உங்களுக்கு எப்படி மனது வந்தது?

கடைசியில், படத்தை வேகமாக ஓட்ட உதவுகிற ஹார்ட்வேர் ஆக்ஸிலரேஷன் என்று ஒன்றை நிறுத்தச் சொன்னீர்கள். நிறுத்தினேன். பிளேயர் மூடவில்லை, உண்மைதான். ஆனால் நம் பழைய கம்ப்யூட்டரால் ஈடுகொடுக்க முடியாமல் படம் பின்தங்கியது. டீச்சர் குரல் 'அம்மா' என்று முடிந்த பிறகுதான் உதடு மூடுகிறது. மானசா கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு காதிலிருந்த மெஷினைப் பிடுங்கிச் சுவரில் எறிந்தாள். அதைச் சொல்லி நான் அழுதபோது நீங்கள் சொன்னது இன்னும் என் காதில் நிற்கிறது.

"வீடியோ ஓடுதுல்லா? பெறகு என்னட்டி? அவ பேசுத நேரத்துல பேசுவா."

ஓடினால் போதுமா அத்தான்? உதடு ஒன்று சொல்ல, காது வேறொன்று கேட்டால் அந்தப் பிள்ளை எதை நம்பும்?

மறுநாள் அத்தை கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் சேலையை எடுத்துப் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். பிளேயர் மூடும்போதெல்லாம் ஏன் மூடியது என்று கம்ப்யூட்டரே ஓரிடத்தில் பதிந்து வைக்குமாம். அதைத் தேடிப் பிடித்தேன். ஒவ்வொரு தடவையும் ஒரே ஃபைலின் பெயர். அதை எழுத்து எழுத்தாகப் போனில் அடித்துத் தேடினால், எந்தெந்த ஊர்க்காரர்களோ அதே பெயரைச் சொல்லிப் புலம்பியிருந்தார்கள். திரையில் படம் காட்டுகிற டிரைவராம் அது. தீபாவளி லீவில் உங்கள் கேமுக்காகப் புதிதாக ஏற்றினீர்களே, அதுதான். பழையதற்குத் திரும்ப, கம்ப்யூட்டரில் அந்த டிரைவருக்கான இடத்திலேயே ஒரு பட்டன் இருந்தது. அமுக்கினேன். நீங்கள் நிறுத்தச் சொன்னதையும் திரும்பப் போட்டேன். அன்றிலிருந்து ஒரு தடவைகூட மூடவில்லை. உதடும் சத்தமும் ஒன்றாக வருகின்றன.

உங்கள் விளையாட்டுக்கு ஏற்றியதை நீங்கள் மறந்தே போனீர்கள். பிள்ளை மேல் பழி சொல்ல மட்டும் மறக்கவில்லை. என் கோபம் அந்த டிரைவர் மேல் இல்லை. வீடியோ காலில் உங்கள் ரூம்காரர்கள் இருந்தால், பிள்ளையின் முடியைக் காதுமேல் இழுத்துவிடச் சொல்கிறீர்களே, அதன்மேல்தான். இனி அப்படிச் செய்ய மாட்டேன். இரட்டைப் பின்னல் போட்டு ரிப்பன் கட்டிவிட்டேன். மெஷின் நன்றாகத் தெரிகிறது.

ஞாயிற்றுக்கிழமை டீச்சர் வீடியோவில் 'பால்' என்று சொன்னார். மானசா என் தொண்டையில் ஒரு கையையும் தன் தொண்டையில் ஒரு கையையும் வைத்துக்கொண்டு, உதட்டை மூடித் திறந்து 'பா' என்றாள். அத்தை அடுப்படியிலிருந்து ஓடிவந்து, "ஏளா, அப்பான்னு சொல்லுதா, அவனுக்குப் போன் போடு" என்றார்.

நான் போடவில்லை. அவள் கேட்டது பாலை. டம்ளரைக் காட்டித்தான் கேட்டாள். பொய் சொல்லி உங்களைச் சந்தோஷப்படுத்த எனக்கு மனமில்லை. 'அப்பா' என்ற சொல் அவளுக்கு இன்னும் வரவில்லை. வீட்டு ஆட்களை அவள் கூப்பிட வேண்டிய சொல்லை அவரவரே சொல்லிப் பதிந்து தர வேண்டும் என்று டீச்சர் கேட்டிருந்தார். நான் பதிந்தேன். அத்தைகூட வெட்கப்பட்டுக்கொண்டே பதிந்தார். உங்களிடம் கேட்டதற்கு, பார்க்கலாம் என்றீர்கள்.

இந்த வெள்ளிக்கிழமை லீவு நாளில் பதிந்து அனுப்புங்கள். முகத்தில் வெளிச்சம் விழ, ஜன்னலைப் பார்த்து உட்காருங்கள். கத்த வேண்டாம், சாதாரணமாகச் சொன்னால் போதும். மீசை மேலுதட்டில் விழுகிறது. அதைக் கொஞ்சம் ஏற்றி வெட்டிக்கொள்ளுங்கள். நீங்கள் சொல்வது அவளுக்குத் தெரிய வேண்டும்.

வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள், வெயிலில் வேலை செய்கிறவர். உங்கள் உடம்பை நம் கோயில் தாயார் காக்கட்டும்.

கோபம் தீராத,
உங்கள் தங்கமயில்.