பதினொரு கேத்தலும் ஒரு பில்டும்

ஜூலை 8, செவ்வாய்

விடியலிலிருந்து தூறல். ஹட்டன் பஸ் தாமதம். கடையில் பழுது பார்க்க மூன்று போன், மூன்றும் தண்ணீரில் விழுந்தவை.

மதியம் மின்னஞ்சல். ரௌட்டருக்கான திறந்த மென்பொருள் திட்டத்தின் பொறுப்பாளர், ஜெர்மன்காரர். நான் பார்த்துக்கொள்ளும் மாடலின் சோதனை பில்ட், அதாவது நான் தொகுக்கும் பதிப்பு, வைஃபை பெயர் போன்ற அமைப்புகளை அடிக்கடி மறந்துவிடுவதாக என் வீட்டு ரௌட்டர் அனுப்பும் பதிவு காட்டுகிறதாம். திங்களுக்குள் சரியாகாவிட்டால் மாடலையே பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள். மரியாதையாகத்தான் எழுதியிருக்கிறார். கடைசியில் ஒரு வரி: உங்கள் மின்சாரம் சீராக இருக்கிறதா?

எரிச்சல். எங்கள் தேயிலைத் தோட்ட லயத்தின் பதினொரு காம்பராவுக்கும், பதினொரு குடும்பத்துக்கும், இந்த ஒரு ரௌட்டர்தான். பிள்ளைகளின் பாடம், கட்டாருக்குப் போனவர்களின் குரல், எல்லாம் அதன் வழியே. தயாரித்த கம்பெனி கைகழுவி வருஷக்கணக்காகிறது. விற்கும்போது புதுசு, ஓட்டையை அடைக்கச் சொன்னால் பழசு. திட்டத்தில் இருக்கும் நாங்களும் விட்டால் யார் அடைப்பது?

ஜூலை 9, புதன்

கடையில் அதே பில்டை அதே மாடலில் நாள் முழுக்க ஓட்டினேன். ஒரு குறையும் இல்லை. வீட்டுக்கு வந்தால் வைஃபைக்கு மறுபடியும் பெட்டியில் அச்சடித்த பெயர். எல்லாம் அழிந்திருக்கிறது.

பக்கத்துக் காம்பரா செல்வமணி அக்கா வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "என்னா தாரணி, காலையில ஒன் நெட்டு செத்துப் போச்சு. மகன் வீடியோவுல பேசிக்கிட்டே இருந்தான், அப்பிடியே வாயத் தொறந்தபடி நின்னுட்டான்."

"எத்தன மணிக்குக்கா?"

"மணிய யாரு பாத்தா? தேத்தண்ணிக்குக் கேத்தலப் போட்டேன், நின்னுட்டான்."

ஜூலை 10, வியாழன்

போயா, பௌர்ணமி விடுமுறை. கடை பூட்டு. அம்மாவுக்கு மட்டும் கொழுந்து பறிக்கும் வேலை உண்டு.

காலை ஐந்தரைக்கே ரௌட்டர் முன் உட்கார்ந்தேன். 5.40: பல்ப் மஞ்சளானது. ரௌட்டர் அணைந்தது, எழுந்தது, மறுபடி அணைந்தது. ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டுக்குக் கிளம்புமுன் பதினொரு காம்பராவிலும் ஒரே நேரத்தில் கரண்ட் கேத்தல். எல்லாவற்றுக்கும் ஒரே கம்பி. எங்களுடையது கடைசிக் காம்பரா, மிச்சம் இருந்தால் வரும். தோட்டத்தை நடத்தும் துரையின் பங்களாவில் இரண்டு பேர், தனி டிரான்ஸ்போமர். நாங்கள் எத்தனை மனு கொடுத்தோம். வந்த அதிகாரிகள் கம்பியைப் பார்த்தார்கள், எங்களோடு படம் எடுத்தார்கள், போனார்கள்.

ஜெர்மன்காரர் சந்தேகப்பட்டது சரி. அதனால் இன்னும் எரிச்சல்.

பதில் எழுதினேன்: கம்பிதான் மோசம், பில்டில் குறையில்லை. அனுப்பவில்லை. மோசமான கம்பியில் ஓடாத பில்ட் யாருக்கு?

ஜூலை 11, வெள்ளி

மழை. குற்றவாளி கிடைத்துவிட்டாள். நான்.

பெப்ரவரியில் நான் சேர்த்த ஆறு வரிகள். ரௌட்டர் எழும்போதெல்லாம் அமைப்புக் கோப்பை அழித்துப் புதிதாக எழுதுகின்றன. அந்த அரை நொடியில் கரண்ட் விழுந்தால் கோப்பு காலி. கம்பியின் குணம் தெரிந்தவள், கரண்ட் விழாது என்று நம்பி எழுதியிருக்கிறேன். வெட்கம்.

மாற்றினேன்: புதுக்கோப்பைத் தனியாக எழுது, முழுதா என்று பார், பிறகு பழையதை விடு.

சோதிக்க வேண்டும். கேத்தல் நேரம் நாளுக்கு ஒரு தடவைதான். போதாது.

வாங்க: முட்டை, சவர்க்காரம், அம்மாவின் விரலுக்குப் பிளாஸ்டர்.

ஜூலை 13, ஞாயிறு

வெயில்! வேலைக்குப் போனவர் யாருமில்லை. காம்பரா காம்பராவாகப் போய்ச் சொன்னேன்: நான் கத்தினால் கேத்தலைப் போடுங்கள், மறுபடி கத்தினால் நிறுத்துங்கள்.

எதிர் வரிசை முருகேசு மாமா: "என்னா புள்ள, ஞாயித்துக்கெழமையும் பெரட்டா? ஒனக்குக் கங்காணி வேல குடுத்துட்டாங்களா?"

முதலில் பழைய பில்ட். மூன்றாவது கத்தலில் அமைப்பெல்லாம் அழிந்தது. நான் குதித்தேன்.

"செத்துருச்சா?" செல்வமணி அக்கா. "நல்லதா கெட்டதா சொல்லு, அப்பறமா கை தட்டுறோம்."

"நல்லதுக்கா!"

தட்டினார்கள்.

பிறகு புதிய பில்ட். நாற்பது தடவை கத்தினேன். முப்பத்தொரு தடவை ரௌட்டர் விழுந்தது. முப்பத்தொரு தடவையும் நாங்கள் வைத்த பெயரோடு எழுந்தது. கொதித்த தண்ணீரில் பிள்ளைகள் எல்லாருக்கும் குளிப்பு. மீதி தேத்தண்ணி.

முருகேசு மாமா: "போதும் தாயி. இன்னொரு கெளாசு குடிச்சா நான் வெடிச்சிருவேன்."

குரல் போய்விட்டது. அம்மா கொத்தமல்லி அவித்துத் தந்தார், அதுவும் அதே கேத்தலில்.

ஜூலை 14, திங்கள்

பஸ்ஸில் நின்றபடியே பில்டை வெளியிட்டேன். குறிப்பில் பிழை என்னுடையது என்று எழுதினேன்.

பதினொரு மணிக்கு ஜெர்மன்காரர்: ஏற்றுக்கொண்டோம். மாடல் பட்டியலில் இருக்கும். மின்னழுத்தத்தை இவ்வளவு நன்றாக இறக்கும் கருவி எங்களிடம் இல்லை, உங்களுடையது எது?

கேத்தல், பதினொன்று என்று எழுதினேன்.

கம்பி அப்படியேதான். ஆனால் கரண்ட் விழுந்த நேரமெல்லாம் ரௌட்டரில் பதிவாகியிருக்கிறது. அச்செடுத்துவிட்டேன், இரண்டு பக்கம். புதன் முருகேசு மாமாவோடு நுவரெலியா மின்சார அலுவலகம். இந்தத் தடவை மனுவோடு இதையும் வைப்போம். என்ன சொல்கிறார்கள் பார்ப்போம்.

சாயங்காலம் வரை ஒன்பது பேர் பில்டைத் தரவிறக்கியிருக்கிறார்கள். அதற்குள் ஒரு புகார், பிரேசிலிலிருந்து: பச்சை விளக்கு எரியவில்லையாம். யாரோ ஓட்டிப் பார்த்திருக்கிறார். விளக்குக்கான வரிகளைத் திறந்து பார்க்கத் தொடங்கிவிட்டேன்.