ஏழு நிமிடம் முந்திய கடிகாரம்

4 மார்ச்

அன்புள்ள தம்பிக்கு,

இங்கு நலம். போன கடிதத்துக்கே உன் பதில் வரவில்லை. கை வலியா, என்மேல் வருத்தமா?

நகராட்சியிலிருந்து வந்தார்கள். துறைமுகத் தெரு முனையில் தாத்தா கட்டிய நம் கடைக் கட்டடத்தைப் பாதுகாக்க வேண்டியவற்றின் பட்டியலில் சேர்க்கிறார்களாம். அதற்கு நாம் இருவரும் கையெழுத்திட வேண்டும். இல்லாவிட்டால் விற்கத்தான் வேண்டும். வாங்க வருகிற ஓட்டல்காரர் இடித்துவிடுவார். மாதக் கடைசிதான் கெடு.

எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. ஒரு நாளைக்கு நாலு தடவை கட்டடத்தைப் பார்த்துவிட்டு வருகிறேன். "டீச்சரம்மா, காவலுக்கு நாய் வளர்த்திருந்தாக்கூட இத்தனை தடவை சுத்தாது" என்கிறார் கீழ்க்கடைத் தையல்காரர். உப்புக்காற்று ஜன்னல் கம்பிகளைத் தின்றுவிட்டது. முகப்புக் கடிகாரம் மட்டும் அப்பா வைத்தபடி ஏழு நிமிடம் முந்தி ஓடுகிறது.

படிவத்தை இணைத்திருக்கிறேன்.

அன்புடன்
அக்கா

11 மார்ச்

அக்காவுக்கு,

வருத்தம்தான், உன்மேல் இல்லை. கட்டடம் போகட்டும், விற்றுவிடு. அந்தக் கடிகாரம் இறங்கினால்தான் எனக்குத் தூக்கம்.

அப்பா அக்கரை ஆஸ்பத்திரியில் கிடந்தார். போர்வை கேட்டார் என்று ஆள் வந்து சொன்னபோது கடிகாரத்தில் ஐந்தாக மூன்று நிமிடம் இருந்தது. ஏழைக் கழித்தேன். படகுக்குப் பத்து நிமிடம் இருக்கிறது என்று, அப்போது நாம் குடியிருந்த கடை மாடிக்குப் போய்ப் போர்வையை மடித்தேன். துறைக்கு ஓடினால் ஐந்து மணிப் படகு நடுக்கடலில். மறுநாள் போய்ச் சேர்ந்தபோது அப்பா இல்லை. முன்கூட்டியே கிளம்பிய அந்தப் படகுக்காரனை இருபத்தாறு வருடமாகத் திட்டிக்கொண்டிருக்கிறேன். துறையில் எல்லார் முன்னாலும் சட்டையைப் பிடித்தேனே, அது போதவில்லை.

படிவத்தைக் கிழிக்கவில்லை. மேஜைமேல் கிடக்கிறது.

தம்பி

17 மார்ச்

அன்புள்ள தம்பிக்கு,

விடை தெரிந்தும் பெஞ்சுக்கடியில் தலையைக் குனிந்துகொள்ளும் பிள்ளைகளை எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்! இத்தனை வருடமாக நானே அப்படித்தான் குனிந்திருந்தேன்.

ஊரார் படகைத் தவறவிடக் கூடாதென்று அப்பா ஏழு நிமிடம் கூட்டி வைத்தார். ஊரோ ஏழைக் கழித்துப் பார்க்கப் பழகிக்கொண்டது. அந்த வாரம் நான் வகுப்பில் மணி பார்க்கச் சொல்லித் தந்தேன். ஒரு குட்டிப் பெண் எழுந்து, "டீச்சர், உங்க வீட்டுக் கடிகாரமே பொய் சொல்லுதே?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. எனக்கு மானம் போயிற்று. அப்பாதான் ஊரில் இல்லையே என்று மதிய இடைவேளையில் ஏணி வைத்து ஏறி, முள்ளைச் சரியான நேரத்துக்கு வைத்தேன். உன்னிடம்கூடச் சொல்லவில்லை.

நீ பார்த்தது சரியான நேரம், தம்பி. படகும் சரியாகத்தான் கிளம்பியது. அன்று மாலை படகைத் தவறவிட்ட நாலு பேர் தெருவில் கத்தியதைக் கேட்டதும் ஓடிப்போய்ப் பழையபடி மாற்றிவிட்டேன். அப்புறம் அப்பா போன செய்தி வந்தது. வாய் திறக்கவில்லை.

உன் கடிதம் கிடைத்ததும் படகுக்காரர் வீட்டுக்குப் போனேன். வலை மூட்டைமேல் உட்கார்ந்திருந்தார். சொன்னேன். "நீங்க ஏணியில நின்னதை நான் அன்னைக்கே பார்த்தேன், டீச்சரம்மா. சாவு விழுந்த வீடு. அங்க வந்து எதைச் சொல்றது? அந்தப் புள்ளைக்கு யாரையாவது திட்டணும், என்னையே திட்டிட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்" என்றார். எனக்கு உட்கார ஒரு பலகையைத் துடைத்துப் போட்டார். உட்கார முடியவில்லை.

இதை எழுதினால் நீ கையெழுத்துப் போடமாட்டாய் என்று தெரியும். எழுதாமல் வாங்கும் கையெழுத்து எனக்கு வேண்டாம்.

அக்கா

26 மார்ச்

அக்காவுக்கு,

உன் கடிதத்தை முதலில் படித்தபோது தூக்கி எறிந்தேன். பிறகு குனிந்து எடுத்தேன்.

படிவம் இத்துடன் இருக்கிறது. கட்டடத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். உனக்கு இன்னும் போடவில்லை. கொஞ்ச நாள் எழுதாதே. நானே எழுதுகிறேன்.

படகுக்காரருக்கு வேறு கடிதம் எழுதியிருக்கிறேன். அவருக்குப் படிக்க வராது என்றால் நீ படித்துக் காட்டு. நடுவில் நிறுத்தாமல் படி.

கடிகாரம் அப்பா வைத்தபடியே ஓடட்டும். நான் வருகிற அன்று மட்டும், துறையிலேயே நின்று சரியான நேரம் என்னவென்று சொல்லிவிடு.

தம்பி