முதல் பாகத்தில் செத்துப்போன அப்பா

கண்டாவளை
வைகாசி, செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் பிரியந்தினிக்கு,

அப்பா எழுதுகிறேன். அம்மாவும் நானும் இருக்கிற நோயோடு சுகமாகத்தான் இருக்கிறோம், நீயும் மருமகனும் சின்னவனும் அந்த நோர்வேக் குளிரில் ஒரு குறையும் இல்லாமல் இருக்கவேண்டும் என்று வற்றாப்பளை அம்மனை நினைத்துக்கொண்டு தொடங்குகிறேன். போனில் கதைக்கிறோம்தானே, இப்போது என்ன கடிதம் என்று யோசிப்பாய். போனில் நான் எங்கே கதைக்கிறேன், அம்மா ஸ்பீக்கரில் போட்டு எனக்கும் சேர்த்துத் தானே கதைத்து முடித்துவிடுவார், என் முறை வரும்போது சாப்பிட்டியோ, அங்கை இப்பவும் குளிரோ என்பதற்கு மேல் எனக்கு வாய் வருவதில்லை. இது அப்படிச் சொல்லக்கூடிய விஷயம் இல்லை மகள். எழுதிக் கனகாலம் என்பதால் கையெழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கும், பொறுத்துக்கொண்டு கடைசி வரைக்கும் வாசி.

முதலில் வீட்டுப் புதினம். சிறுபோகம் விதைத்திருக்கிறோம், குளத்தில் தண்ணீர் பரவாயில்லை, ஆனால் மயிலும் குரங்கும் எங்களுக்கு என்று ஒன்றும் மிச்சம் வைப்பதாக இல்லை. சிவலைப் பசு நாகு கன்று போட்டிருக்கிறது. அம்மாவுக்கு முழங்கால் நோ விட்டபாடில்லை, டொக்டர் நடக்கச் சொன்னால் நடக்கமாட்டார், நிலத்தில் இருந்து தேங்காய் துருவாதே என்றால் துருவுவார், நான் ஏதும் சொன்னால் நீங்கள் உங்கடை அலுவலைப் பாருங்கோ என்று பாய்வார். தம்பி ரஜிதன் வவுனியாவில் இருந்து மாதத்தில் ஒருதடவை வந்து போகிறான். பெண் பார்ப்போமோ என்று அம்மா கேட்டால் பொறுங்கோ அம்மா, என்ன அவசரம் என்கிறான். நான் அந்தக் கதைக்குள் போவதே இல்லை. பிள்ளைகளுக்குக் கலியாணம் பேசுகிற தகுதி எனக்கு உன்னோடு முடிந்துவிட்டது.

மாசி மாதம் எங்கள் வாசிகசாலையில் உன் புத்தகத்துக்குக் கூட்டம் வைத்தார்களே, அதில் நான் பொன்னாடையோடு பல்லெல்லாம் தெரிய நிற்கிற படம் ஒன்றை ரஜிதன் உனக்கு அனுப்பினான். அதைத் தயவுசெய்து அழித்துவிடு. அன்றைக்கு நான் புத்தகத்தை வாசித்திருக்கவில்லை. எழுத்தாளரின் தகப்பன் என்று முன்வரிசையில் கதிரை போட்டு இருத்தினார்கள், நானும் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு இருந்தேன். இளைப்பாறிய ஆசிரியர் ஒருவர் எழும்பிக் கதையைச் சொன்னார். இயக்கத்துக்குப் பிள்ளை பிடிக்கிற காலத்தில், தாலி ஏறினால் விட்டுவிடுவார்கள் என்று பள்ளிக்கூடம் போகிற கோமதிக்கு அவசரக் கலியாணம் நடக்கிறது. போன இடத்தில் அடி உதை. ஒருநாள் தப்பி வீட்டுக்கு ஓடிவருகிறாள். வந்தவளை அன்றைக்கே சைக்கிளில் ஏற்றி அந்த வீட்டுக்கே கொண்டுபோய் விடுகிறான் தாய்மாமன். தகப்பன் எங்கே என்று காது கொடுத்துக் கேட்டேன். தகப்பன் மூன்றாம் அத்தியாயத்திலேயே ஷெல் விழுந்து செத்துப்போனானாம். தங்கமான மனிதனாம், பிள்ளையைத் தோளில் வைத்து வயல் காட்டினவனாம். ஆசிரியர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தகப்பன் உயிரோடை இருந்திருந்தா உந்தப் பிள்ளைக்கு உப்பிடி ஒண்டு நடக்க விட்டிருப்பாரோ என்று கேட்டார். சனம் கை தட்டியது. நானும் தட்டினேன்.

அடுத்த நாள் சங்கக்கடையில் மூக்கன், பரமண்ணை, மகள் உங்களைக் கதையிலை கொன்றுபோட்டாளாம், அந்தியேட்டிச் சாப்பாடு எப்ப என்று பகிடி விட்டான். அவனுக்கு ஒன்றும் தெரியாது, இடம்பெயர்ந்து பிறகு இங்கே குடியேறினவன். சிரித்துவிட்டு வந்து வாசலில் இருந்து புத்தகத்தை வாசித்தேன். நீ நல்லாய் எழுதியிருக்கிறாய், அதில் குறை இல்லை. அந்த மாமனுக்கு வேறு பெயர் வைத்திருக்கிறாய், ஆனால் முன்பல் உடைந்திருக்கிறது, தண்ணீர்ப் பம்பு திருத்துகிறான், தோளில் எப்போதும் ஒரு சிவப்புத் துவாய். இந்த ஊரில் அது உன் நல்லதம்பி மாமாவைத் தவிர வேறு ஆர்? அம்மா வாசித்துவிட்டுப் புத்தகத்தை அலுமாரிக்குள் சீலைக்குக் கீழே வைத்துப் பூட்டினார். ஒரு பக்கம் கூடப்பிறந்த தம்பி, ஒரு பக்கம் கட்டின புருஷன், அவர் என்ன கதைப்பார்?

நடந்தது உனக்குத் தெரியும். ஆனாலும் ஒருதடவை என் கையால் எழுதவேண்டும், நீ கேட்காத சில கதையும் அதில் இருக்கிறது. நீ விசுவமடுவில் முதல் கட்டிக்கொடுத்தவனின் வீட்டில் இருந்து வெறுங்காலோடு நடந்து வந்து குசினிக்குள் ஒளித்துக்கொண்டாய். உதடு வீங்கியிருந்தது. அம்மா உனக்குத் தேத்தண்ணீர் ஊற்றினார், அதைக் குடித்து முடிக்கவும் நான் விடவில்லை. உன்னைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு திரும்ப அங்கே வெளிக்கிட, கேற்றடியில் மாமா ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றான். அத்தான், பிள்ளையை இறக்குங்கோ, என்ரை வளவுப் பங்கருக்கை நான் ஒளிச்சு வைக்கிறன், வாற ஆக்களுக்கு நான் மறுமொழி சொல்லுறன், அங்கை மட்டும் அனுப்பாதேங்கோ என்று கெஞ்சினான். நான் அவன் கையைத் தட்டிவிட்டு, தாலி கட்டின பிள்ளையை வைச்சிருக்க நீ ஆரடா என்று கேட்டேன். அவன் வழி விட்டான், என்ன செய்வான், அக்காவின் புருஷன் நான். நீ பின்னால் இருந்து திரும்பித் திரும்பி அவனைப் பார்த்தாய் என்று அம்மா பிறகு சொன்னார். அதனால்தான் உன் கதையில் அவன் முகம் வந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். சைக்கிளுக்குப் பின்னால் இருந்தவளுக்கு என் முதுகு மட்டும்தானே தெரிந்திருக்கும்.

உன்னைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயத்தில்தான் செய்தேன் என்று இத்தனை வருடமும் எனக்கே சொல்லிக்கொண்டு வந்தேன். அது பாதிதான் உண்மை. மற்றப் பாதி, பரமலிங்கத்தின் மகள் வாழாமல் வந்துவிட்டாள் என்று ஊர் சொல்லுமே என்ற பயம். ஷெல் விழுகிற ஊரில், நாளைக்கு இருப்போமோ இல்லையோ என்று தெரியாத காலத்தில், எனக்கு அந்த மானம் பெரிதாக இருந்தது. நினைக்க நினைக்க வெட்கம் மகள், தனியே இருக்கும்போதும் முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

அதைவிடப் பெரிய வெட்கம் மாசிக்குப் பிறகு வந்தது. மாமா முள்ளிவாய்க்காலில் கஞ்சி வாங்கப் போன இடத்தில் செத்துப்போனவன், திரும்பி வந்து நான் அப்படிச் செய்யவில்லை என்று சொல்லமாட்டான். அவன் மகள் யதுர்ஷிகா புத்தகத்தைத் தாய்க்கு வாசித்துக் காட்டியிருக்கிறாள். சுமித்திரா மாமி, இரண்டு வளவுக்கும் இடையில் வேலியில் போய்வருகிற பொட்டு ஒன்று இருந்ததே, அடுத்த நாள் காலையில் அதைத் தென்னோலைக் கிடுகு வைத்துக் கட்டி அடைத்துவிட்டார். காலையில் அந்தப் பொட்டுக்குள்ளால் வருகிற பிட்டும் நின்றுபோனது. கோயிலில் ஒருத்தி, உங்கடை மனுசன் இவ்வளவு கல்நெஞ்சனோ என்று மாமியைக் கேட்டாளாம். எனக்கு இது எல்லாம் தெரிந்தது. தெரிந்தும் மாசி, பங்குனி, சித்திரை என்று வாயைப் பொத்திக்கொண்டு இருந்தேன். செத்தவனின் பெயரில் என் பாவத்தை வைத்துவிட்டு வயலுக்குப் போய் வந்தேன், சாப்பிட்டேன், நித்திரையும் கொண்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மாமாவின் திவசம். வேலி அடைத்திருந்தாலும் யதுர்ஷிகா முறைப்படி வந்து சொல்லிவிட்டுப் போனாள். ஒவ்வொரு வருடமும் போலவே மூத்த அத்தான் என்று முதல் இலையை எனக்குத்தான் போட்டார்கள். மாமி நிமிர்ந்து பார்க்காமல் சோறு போட்டார், அவனுக்குப் பிடித்த கத்தரிக்காய்ப் பால்கறி வைத்தார். பக்கத்து இலையில் யோகலிங்கம் இருந்தார், பம்புக்குச் சாமான் விற்கிறவர், நல்ல மனிதன், சுவரில் மாலை போட்ட படத்தைப் பார்த்து, இவர்தானோ புத்தகத்திலை வாற மாமன் என்று மெல்லமாகக் கேட்டார். மெல்லமாகக் கேட்டாலும் எல்லோருக்கும் கேட்டது. மாமியின் கையில் அகப்பை அப்படியே நின்றது. திவச இலையில் இருந்து இடையில் எழும்பக்கூடாது, உனக்குத் தெரியும். நான் எழும்பிவிட்டேன். எச்சில் கையோடு நின்று, அது இவன் இல்லை, சைக்கிள் ஓடினது நான், இவன் மறிச்சவன், நான்தான் கையைத் தட்டிவிட்டனான் என்று சொன்னேன். சத்தம் போட்டுச் சொன்னேனா என்று தெரியாது. அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். யோகலிங்கம் இலையைப் பார்த்துக்கொண்டு இருந்தார். மாமிதான் கடைசியில் வாய் திறந்தார். அண்ணை, இருந்து சாப்பிடுங்கோ, இதை எனக்குச் சொல்லத் தேவையில்லை, அண்டைக்கு அவர் வீட்டை வந்து குந்தியிருந்து அழுதவர், எனக்குத் தெரியும், எழுதினவளுக்குச் சொல்லுங்கோ என்றார். அவ்வளவுதான். பொட்டு இன்னும் அடைத்தபடிதான் இருக்கிறது, திறக்கச் சொல்லிக் கேட்க எனக்கு முகம் இல்லை.

ஆகவே உனக்குச் சொல்கிறேன். போன மாதம் நீ அம்மாவிடம் கதைக்கும்போது நானும் பக்கத்தில் இருந்தேன். இரண்டாம் பாகத்தில் கோமதி எல்லாவற்றையும் நேரே கேட்கவேண்டும் என்று ஊருக்குத் திரும்பி வருகிறாள், பழைய வீட்டுக் கேற்றடியில் நிற்கிறாள், அதற்கு மேல் ஒரு அடி நகரமாட்டேன் என்கிறாள், எழுதி எழுதிக் கிழிக்கிறேன் என்றாய். அம்மா அம்மனுக்கு நேர்த்தி வைக்கச் சொன்னார். நேர்த்தி ஒன்றும் வேண்டாம் மகள். உள்ளே போய் அவள் ஆரைக் கேட்பாள்? கேட்கவேண்டியவனை நீ முதல் பாகத்திலேயே கொன்றுவிட்டாய். நீ ஏன் கொன்றாய் என்று எனக்குத் தெரியும். அப்பாவை ஊர் ஏசக்கூடாது என்றுதான். நீ என்னை நாலு பேருக்கு முன்னால் ஏசியிருந்தாலும் தாங்கியிருப்பேன், இந்தப் பாசத்தைத்தான் தாங்க முடியவில்லை. நீயும் கொழும்புக்கு வந்து ஹோட்டலில் எங்களைக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பினாய், இந்தக் கேற்றைத் தாண்டி ஒருநாளும் வரவில்லை. ஏன் என்று நான் கேட்டதில்லை, மறுமொழி தெரிந்ததால் கேட்கவில்லை.

எனக்கு எழுத்து வேலை தெரியாது, ஆனால் ஒன்று கேட்கிறேன். மாமாவை அந்தச் சைக்கிளில் இருந்து இறக்கிவிடு. என்னை ஏற்று. செத்தவன் இரண்டாம் பாகத்தில் எப்படி உயிரோடு வந்தான் என்று வாசிக்கிறவர்கள் கேட்டால் அதற்கு ஒரு வழி செய், அது உன் கெட்டித்தனம். கோமதி கேற்றைத் திறந்து வரட்டும், தகப்பன் கதிரையில் இருக்கட்டும், அவள் கேட்கவேண்டியதை எல்லாம் கேட்கட்டும். காலம் அப்படி, பயம் அப்படி என்று அவன் சாட்டுச் சொல்ல வந்தால் விடாதே. ஊருக்காக அவள் மன்னித்துவிட்டாள் என்றும் எழுதாதே. மாமன் ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றதை மட்டும் வடிவாக எழுது, அவன் சொன்னதை ஒரு சொல் விடாமல் மேலே எழுதியிருக்கிறேன். அந்தப் புத்தகம் வந்தால் அதே வாசிகசாலையில் கூட்டம் வைக்கச் சொல்லி நானே கேட்பேன், முன்வரிசையில் நானே போய் இருப்பேன், பொன்னாடையை மாமிக்குப் போடட்டும்.

சின்னவனுக்கு எங்கள் முத்தம். அவனோடு தமிழில் கதை. மருமகனைப் பனியில் கவனமாகக் கார் ஓடச் சொல். நீ காலையில் தேத்தண்ணீரை ஆறவைத்துவிட்டு ஓடுகிறாய் என்று கேள்விப்பட்டேன், என்ன அவசரம் என்றாலும் இருந்து குடித்து முடித்துவிட்டு எழும்பு. எல்லாத் தெய்வமும் உனக்குத் துணை நிற்கட்டும். நீ வருகிறாயோ இல்லையோ, கேற்றைப் பகலில் நான் பூட்டுவதில்லை.

சாகாமல் இருக்கிற உன் அப்பா,
பரமலிங்கம்