கிழக்கு ஜன்னல் வழியே மாமல்லபுரம் வண்டி

மாப்ளே,

கடற்கரைப் பக்கம் புதிதாக வருகிற ஒரு ஓட்டலுக்கு வாசல் சுவரில் பாறை மாதிரிப் பூச்சு வேலை நடக்கிறது. நேற்று அந்த வழியாகப் போனேன். கொத்தனார் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் மாவைப் பேசினில் கொட்டித் தண்ணீர் ஊற்றியதும் ஒரு வாசனை கிளம்பியது பாருங்கள். ஈரச் சுண்ணாம்பும் சாக்பீஸும் கலந்த அந்த வாசனையில் எனக்கு மாமல்லபுரமே மறந்துபோய்விட்டது. செங்கல்பட்டில் உங்கள் மாடி அறையில் நிற்கிறேன், நீங்கள் லென்ஸைக் கண்ணில் வைத்துக்கொண்டு குனிந்திருக்கிறீர்கள்.

"மேஸ்திரி, அந்தக் கோட்ட இவ்ளோ நேரா போட்டா பாறையா இருக்காது, பாத்ரூமா இருக்கும்" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீ இன்னா இன்ஜினியரா?"

"அதுக்கும் மேல."

நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தால், "மச்சான், ஆரம்பிச்சிட்டியா?" என்றிருப்பீர்கள். நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. தடுக்க ஆள் இல்லாததால் கொத்தனாரிடம் அரைமணி நேரம் பேசிவிட்டு வந்தேன். மனசு நிறைந்திருந்தது. அதனால்தான் இந்த மடல்.

எல்லாவற்றுக்கும் ஆரம்பம் உங்கள் கல்யாணம். என் தங்கை வசந்தாவை உங்களுக்குக் கொடுத்தபோது உங்கள் பக்கத்து ஜனம் முழுக்கச் செங்கல்பட்டு வரை ரயிலில் வந்து, அங்கிருந்து பஸ் பிடித்து எங்கள் ஊருக்கு வந்தது. வெயில். பஸ்ஸிலிருந்து இறங்கிய உங்கள் பெரியப்பா துண்டால் விசிறிக்கொண்டே மண்டப வாசலில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்:

"இன்னாய்யா ஊரு இது? ரயிலுகூட எட்டிப் பாக்காத ஊர்ல போயி பொண்ணு எடுத்துகீறோம்."

பெண் வீட்டுக்காரன் நான். சும்மா இருப்பேனா? "அடுத்த வருஷம் வந்துடும் பெரியவரே. சர்வே முடிஞ்சிபோச்சு. அளக்குற சங்கிலிய ஒரு பக்கம் புடிச்சதே நான்தான்" என்றேன். எந்தச் சர்வே, எந்தச் சங்கிலி என்று யாரும் கேட்கவில்லை. நீங்கள் மட்டும் மாலையும் கழுத்துமாக என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். அதற்கப்புறம் ஒரு தீபாவளி பாக்கியில்லை. "மச்சான், ஒங்க ஊரு ரயிலு எங்க வந்துகினு கீது?" என்று கேட்காமல் நீங்கள் கையை நனைத்ததில்லை. நானும் ஒவ்வொரு தடவையும் வண்டியை ஒரு ஊர் தள்ளிக் கொண்டுவந்தேன். ஒரு தீபாவளிக்குத் திருக்கழுக்குன்றம் வரைக்கும்கூடக் கொண்டுவந்துவிட்டேன்.

உங்கள் வேலை அப்படி. மறைமலைநகர்க் கம்பெனியில் காலமெல்லாம் உதிரி பாகங்களைச் சோதித்து, முடி அளவு பிசகு தெரிந்தாலும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்கியவர். என் வேலை வேறு. எட்டாவதோடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது. ஆனால் ஏழு தேசத்து ஆட்களுக்கு எங்கள் ஊர்க் கற்களைச் சுற்றிக் காட்டிப் பிழைக்கிறேன். ராஜா இங்கேதான் உட்கார்ந்தார், ராணி இங்கேதான் கோபித்துக்கொண்டாள் என்று சொன்னால்தானே கல்லுக்கு உயிர் வரும்? நீங்கள் ஒரே ஒரு நாள் என்னோடு சுற்றினீர்கள். முடிவில், "இதுல எது நெஜம் மச்சான்?" என்று கேட்டீர்கள். "கல்லு" என்றேன்.

ரிட்டயர் ஆனதும் நீங்கள் மாடி அறையை அடைத்துப் பிளைவுட் மேசை போட்டு அதன்மேல் ரயில் விட ஆரம்பித்தீர்கள். நிஜத்தில் எண்பத்தேழு அடி என்றால் மேசையில் ஒரு அடி. செங்கல்பட்டு ஜங்ஷன், பிளாட்பாரம், சிக்னல், கொளவாய் ஏரியை ஒட்டி வளைகிற பாதை, பின்னால் மலை. தண்டவாளத்தில் குறை சொல்ல என்னாலேயே முடியவில்லை. ஆனால் மலை? தெர்மாகோலை வெட்டி வைத்திருந்தீர்கள். தட்டில் கவிழ்த்த இட்லி மாதிரி இருந்தது. ஏரிக்கரையில் பாதையைத் தாங்கி நிற்கிற கருங்கல் சுவருக்கு ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருந்தீர்கள்.

"மாப்ளே, கல் வேலைய என்கிட்ட விடுங்க. கல்லுக்கு நடுவுல பொறந்தவன் நான்" என்றேன். "அதுக்குப் பதிலா எங்க ஊருக்கு ஒரு லைன் போடுங்க."

"இல்லாத லைன நான் போடமாட்டேன்." பேனாவை எடுத்துவிட்டீர்கள். "போட்டாலும் எடம் பத்தாது. ஒங்க ஊரு முப்பது கிலோமீட்டர். எண்பத்தேழால வகுத்தா முந்நூத்து நாப்பத்தஞ்சு மீட்டரு. தெருமுனை டீக்கடையத் தாண்டிப் போவணும்."

தேநீரோடு வந்த வசந்தாதான் வழி சொன்னாள். "பெட்டு கட்டுங்களேன். எங்க அண்ணன் சுவத்த நெஜம் மாரி செஞ்சிட்டா நீங்க லைன் போடணும். இல்லேன்னா இனிமே அது ரயிலப் பத்தி வாயே தொறக்கக் கூடாது."

கூடப் பிறந்தவள் என்றாலும் எவ்வளவு பெரிய தண்டனை பாருங்கள். நீங்கள் உடனே கை கொடுத்தீர்கள். "லென்ஸ் வச்சிப் பாப்பேன். ஒரு கொறை இருக்கக் கூடாது." மண்டப வாசலில் போன மானத்தைத் திருப்பிக் கொண்டுவர எனக்கு ஒரு முழ நீளச் சுவர் கிடைத்தது.

மாமல்லபுரத்துக்காரன் முதலில் என்ன செய்வான்? சிற்பக் கூடங்களில் சிதறிக் கிடந்த கருங்கல் சில்லுகளை ஒரு மூட்டை அள்ளி, பஸ் கண்டக்டரிடம் திட்டு வாங்கிக்கொண்டு வந்து மேசையில் அடுக்கினேன். அசல் கல், சாதாரணமா! ஆனால் பார்த்தால் மலையாகத் தெரியவில்லை. மலையை யாரோ உடைத்துப் போட்ட மாதிரி இருந்தது. சில்லுகளில் இருந்த ஒவ்வொரு மினுக்கும் அந்தச் சின்ன ரயிலுக்கு முன்னால் வீட்டு ஜன்னல் அளவுக்குப் பளபளத்தது. மறுநாள் கனம் தாங்காமல் பிளைவுட் தொய்ந்து, சும்மா நின்றிருந்த வண்டி தானாக உருண்டு ஏரிக்குள் இறங்கிவிட்டது. நீங்கள் சிரிக்கவில்லை. சிவப்பு ஸ்டிக்கர் ஒன்றை எடுத்து என் சட்டைப் பையில் ஒட்டினீர்கள்.

அப்புறம்தான் உட்கார்ந்து யோசித்தோம். யார் முதலில் சொன்னது என்பதில் உங்களுக்குச் சந்தேகம் இருக்கலாம், எனக்கு இல்லை. அலுமினியத் தாளைக் கசக்கி விரித்து அதன்மேல் பிளாஸ்டரை ஊற்றிக் காயவிட்டு உரித்தால், தாளின் சுருக்கமெல்லாம் பாறையின் பிளவாக வந்து நின்றது. கறுப்புச் சாயத்தைத் தண்ணீராகக் கரைத்துத் தடவினால் பள்ளத்தில் போய்ப் படிந்தது. உலர்ந்த தூரிகையில் துளி வெள்ளை தொட்டு மேலாகத் தேய்த்தால் மேட்டில் வெயில் விழுந்தது. கொதித்த தேயிலைத் தூளைக் காயவைத்துச் சலித்தால் ஏரிக்கரை மண். செய்யூரிலிருந்து கொண்டுவந்த சவுக்கு நுனிகள் மரமாகின. அன்றைக்கு வசந்தா படியேறி வந்து கேட்டாள்: "மாவு சல்லடையில இன்னா சலிச்சீங்க? சப்பாத்தில ஏரிக்கர வாசன வருது!"

மலை ஜெயித்தது. வேடந்தாங்கலுக்குப் போக வேண்டிய ஒரு நாரை ஜன்னலில் வந்து உட்கார்ந்து நம் ஏரியை வெகுநேரம் பார்த்ததை நான் ஊரெல்லாம் சொன்னேன். "அது காக்கா மச்சான்" என்று நீங்களும் ஊரெல்லாம் சொன்னீர்கள்.

சுவர்தான் நிற்கவில்லை. பிளாஸ்டர் பட்டையில் பால்பாயின்ட் பேனாவால் கல் கல்லாகக் கீறி எத்தனை சுவர் செய்தேன்! நேராகக் கீறினால், "இது செவுரு இல்ல, கட்டம் போட்ட லுங்கி." கோணலாகக் கீறினால், "மூணாவது வரிச சாயுது, ரிஜெக்ட்." ஸ்டிக்கர் தீர்ந்து புது அட்டை வாங்கினீர்கள். ரயிலைப் பற்றி வாயே திறக்க முடியாத தீபாவளிகளை நினைத்து எனக்கு உண்மையிலேயே பயம் வந்துவிட்டது.

கோபத்தில் ஒரு காலை உங்களைப் பைக்கில் ஏற்றி ஏரிக்கரைக்கே கூட்டிப்போனேன். "இதப் பாருங்க. இது நெஜம்தானே? இதுக்கு லென்ஸ் வைங்க."

நடந்துபோகிறவர்கள் நின்று பார்த்தார்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு பெரிய மனிதர் கல் சுவரை லென்ஸால் சோதிக்கிறார். நீங்கள் கல் கல்லாக நகர்ந்தீர்கள். ஒரு வரிசை சாய்ந்திருந்தது. ஒரு கல் மட்டும் நிறம் மாறியிருந்தது. எப்போதோ எவனோ அவசரத்தில் அப்பிய சிமெண்ட் வழிந்து உறைந்திருந்தது. தண்ணீர் வடிகிற ஓட்டைக்குக் கீழே கறுப்பாக ஒரு தாரை. ஏரி நிறைந்தபோதெல்லாம் விட்டுப்போன கோடுகள். ஆடுகள் உரசி உரசி அடிக்கற்கள் மழமழவென்று இருந்தன.

நிமிர்ந்தீர்கள். "மச்சான், இதுவும் ரிஜெக்ட்."

"அப்ப இடிச்சிடலாமா மாப்ளே?"

அந்த இடத்தில்தான் நீங்கள் சிரித்தீர்கள். ஏரிப் பறவைகள் எழுந்து பறந்தன என்று நான் சொல்வது வழக்கம். இரண்டு பறவையாவது பறந்தது நிச்சயம். டீ குடிக்கும்போது சொன்னீர்கள்: "தப்பு இருக்கக் கூடாதுன்னு பாத்தது என் தப்பு. தப்பு எங்க இருக்கணுமோ அங்க கீதான்னு பாக்கணும்."

அடுத்த சுவரில் எல்லாத் தப்பையும் அதனதன் இடத்தில் வைத்தேன். சாய்ந்த வரிசை, வழிந்த சிமெண்ட், ஓட்டைக்குக் கீழே தாரை. அடிக்கற்களை விரலாலேயே தேய்த்து மழமழப்பாக்கினேன்; ஆடு செய்கிற வேலையை அன்று நான் செய்தேன். என் பங்குக்கு ஒரு ஆலங்கன்றும் விரிசலில் முளைக்க வைத்தேன். நீங்கள் லென்ஸோடு குனிந்தீர்கள். வசந்தா கதவில் சாய்ந்து நின்றாள்.

"ஆலங்கன்னு அங்க கெடையாதே?"

"அடுத்த மழைக்கு மொளைக்கும் மாப்ளே."

ஸ்டிக்கர் அட்டையை மூடி மேசை இழுப்பறையில் போட்டுவிட்டுக் கீழே சாப்பிடப் போய்விட்டீர்கள். பாராட்டு ஒன்றும் இல்லை. உங்களிடம் அதற்கு ஸ்டிக்கரே இருந்ததில்லை.

இரண்டு வாரம் கழித்து வந்தேன். ஜங்ஷனிலிருந்து ஒரு ஒற்றைப் பாதை பிரிந்து, நான் செய்த சுவரை ஒட்டி வளைந்து, கிழக்கு ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே வெளியே போயிருந்தது. வெளியே சன்ஷேடின் மேல் ஓடி விளிம்பில் முட்டுக்கட்டையோடு நின்றது. மழைக்குப் பிவிசி குழாயை நெடுக அறுத்துக் கவிழ்த்திருந்தீர்கள். காம்பஸ் வைத்துப் பார்த்தீர்களாம். குறி நேராக எங்கள் ஊர்.

"மிச்ச தூரத்துக்குத் தெருவுல எடம் இல்ல மச்சான். ஆனா தெச கரெக்டு."

முதல் வண்டிக்குச் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்க வசந்தா வந்தாள். பழம் இன்ஜினைவிடப் பெரிது. நீங்கள் கணக்குப் போட்டு, "கசகசா வை. அதுவே கொஞ்சம் பெருசுதான், பரவால்ல" என்றீர்கள். கசகசாவை நசுக்கிக்கொண்டு வண்டி கிளம்பியது. ஜன்னல் கம்பியைத் தாண்டி வெயிலில் வந்து நின்றபோது நான் ஏதோ பெரிதாகச் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் நீங்கள் கீழே தெருவைப் பார்த்துக்கொண்டு, "எங்க பெரியப்பா இருந்து பாத்திருக்கணும்" என்றீர்கள்.

போன ஐப்பசியில் ஒரு காலை, காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தீர்கள், அவ்வளவுதான். யாருக்கும் தொந்தரவு இல்லாமல், சொன்ன நேரத்துக்குக் கிளம்புகிற வண்டி மாதிரி. காரியமெல்லாம் முடிந்த பிறகு, உங்கள் வீட்டுக்காரி மாடி அறைப் பக்கமே போகமாட்டாள் என்று நினைத்தேன். தப்புக் கணக்கு.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எனக்குப் போன் வரும். "அண்ணா, வண்டி கெளம்பிடுச்சி." பின்னால் அந்தச் சின்னச் சக்கரங்கள் ஓடுகிற சத்தம் கேட்கும். அப்புறம் ஜன்னலைத் தாண்டித் தேய்ந்துபோகும். அவள் பக்கத்தில் வண்டி சன்ஷேடில் நின்றுவிட்டது என்று எனக்குத் தெரியும். நான் கொஞ்ச நேரம் விட்டு, "வந்துடுச்சி வசந்தா, இப்பதான் பிளாட்பாரத்துல நொழையுது" என்பேன். தெருவில் இடமில்லாத மிச்ச தூரத்தை என் வாயால்தான் ஓட்டுகிறேன் மாப்ளே. என்னைவிட நன்றாக யாரும் ஓட்டிவிட முடியாது.

"கூட்டமா?"

"நிக்க எடமில்ல. ஒரு கல்யாண கோஷ்டியே வந்து எறங்குது. வெயில்ல காயாம நேரா மண்டபத்துக்குப் போறாங்க."

"யார் யாரு எறங்கினாங்க?"

சொல்லுவேன். மூட்டை தூக்கிய ஜனங்கள், கேமரா மாட்டிய வெள்ளைக்காரர்கள், துண்டால் விசிறிக்கொண்டு இறங்கி, "பரவால்லயே, ரயிலு கீதே" என்கிற உங்கள் பெரியப்பா. அவள் சிரிப்பாள். ஒரே ஒருவரை மட்டும் நான் இறக்குவதில்லை. அவளும் கேட்பதில்லை. நினைத்தால் என்னால் இறக்கிவிட முடியும், என் வாயைப் பற்றி உங்களுக்குத் தெரியாததில்லை. ஆனால் பொய்க்கும் ஒரு அளவு இருக்கிறதே. அந்த அளவு மட்டும் உங்களுடையது; அதைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.